கனகராயன் ஆறும் கழிமுகத்தின் கணக்கும்

'கடலில் வீணாகக் கலக்கிறது.' இலங்கையின் வட பகுதியில் ஆற்றுநீரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் தவறாமல் வந்துவிடும் சொற்றொடர் இது. மேடைகளில் கேட்கிறோம், பத்திரிகைத் தலைப்புகளில் காண்கிறோம். ஆற்றுநீர் கடலைச் சேர்ந்தால் அது நட்டம் என்பது நம்மிடையே கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட எண்ணமாகிவிட்டது. ஆனால் எவ்வளவு நீர், எந்த மாதத்தில், எவ்வளவு உப்போடும் எவ்வளவு மண்ணோடும் கலக்கிறது என்று அளந்து பார்த்தவரே அதை வீண் என்றோ வீணல்ல என்றோ சொல்ல உரிமை உடையவர். கனகராயன் ஆற்றை முன்வைத்து அந்த அளவையின் வரலாற்றை இங்கே சற்று விரிவாக நோக்குவோம்.

ஏ-9 வீதியில் வவுனியாவிலிருந்து வடக்கே செல்வோர் ஓமந்தையைக் கடந்ததும் புளியங்குளச் சந்தியை அடைவர். இங்கிருந்து கிழக்கே நெடுங்கேணிக்கு ஒரு வீதி பிரிகிறது. சந்தி என்ற அளவிலும், 1997ஆம் ஆண்டின் போர்ச் செய்திகளில் அடிபட்ட பெயர் என்ற அளவிலுமே பலர் இவ்வூரை அறிவர். ஆனால் வன்னியின் நீர் வரைபடத்தில் இதற்கு வேறோர் இடம் உண்டு. சேமமடுக் குளத்தை அண்டிய பகுதியில் தோன்றும் கனகராயன் ஆறு, இந்தக் காட்டு நிலங்களின் மழைநீரைத் திரட்டிக்கொண்டு வடக்கு நோக்கி ஓடுகிறது. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மூன்று மாவட்டங்களையும் தொட்டு, இரணைமடுக் குளத்தில் தங்கி, மிஞ்சியது ஆனையிறவுக் கடனீரேரியை அடைந்து, கிழக்கே சுண்டிக்குளத்தில் கடலைக் காண்கிறது. புளியங்குளத்துக் காட்டில் பெய்த மழைக்கும் சுண்டிக்குளத்து இறாலுக்கும் உறவு உண்டு. அந்த உறவின் கணக்கை எவர் வைத்திருக்கிறார் என்பதே நமது கேள்வி.

குளத்தின் கணக்கு

இந்த ஆற்றை அளக்கும் முயற்சி குளத்திலிருந்துதான் தொடங்கியது. ஜே.பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேடு, அந்நாளில் இப்பகுதியின் குளங்கள், ஊர்கள், குடிமக்கள் பற்றிய விரிவான பதிவு. குளங்கள் தூர்ந்து, கட்டுகள் உடைந்து, காடு மண்டிக் கிடந்த வன்னியே அதில் தெரிகிறது. பழைய குளங்களின் மதகு அமைப்பை ஆராய்ந்து எழுதிய பொறியியலாளர் ஹென்றி பார்க்கர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கனகராயன் ஆற்றை மறித்து ஒரு பெருங்குளம் அமைக்கும் யோசனையை முன்வைத்தார். இரட்டை மடுக்கள் இருந்த இடமாதலால் இரணைமடு என்று பெயர். 1902இல் தொடங்கிய கட்டுவேலை 1920 அளவில் நிறைவெய்தியது. பின்னர் பல கட்டங்களாகக் குளக்கட்டு உயர்த்தப்பட்டு, 1970களின் பிற்பகுதியில் கொள்ளளவு 106,500 ஏக்கர்-அடி, அதாவது ஏறத்தாழ 13 கோடி கன மீற்றர் ஆயிற்று. 1936இல் உருவான கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டமும், அதன் வயல்களும், அந்நகரமும் இக்குளத்தின் பிள்ளைகள் எனலாம்.

குளத்துக்கு அளவுகோல் உண்டு. குளத்தில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்பதைக் கிளிநொச்சியின் கமக்காரர் எவரும் சொல்லக்கூடியவர். கார்த்திகை மார்கழி மாதங்களில் அந்த எண் செய்தியாகிறது. எந்த அடியில் வான்கதவு திறப்பார்கள் என்று ஊரே பேசுகிறது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைப் பங்குனிக் கூட்டத்தில் அந்த எண்ணே தீர்மானிக்கிறது. நூறு ஆண்டுகளாக ஒரு சமூகம் ஓர் எண்ணோடு வாழப் பழகியிருப்பதை இங்கே காண்கிறோம். இது சிறிய காரியமன்று.

ஆனால் அந்த எண் சொல்வது நீரின் அளவை மட்டும். கதவைத் தாண்டிய நீருக்கு என்ன ஆகிறது என்பதை அது சொல்லாது. குளக்கட்டுக்கு மேலே கணக்குப் பிள்ளை இருக்கிறார். கட்டுக்குக் கீழே அவர் வருவதில்லை.

கழிமுகம் என்பது வேறு நீர்

ஆறு கடலைச் சந்திக்கும் இடத்தில் அளவு என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் விளங்கிக்கொள்ள முடியாது. கடல்நீரில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆற்றுநீரில் அது மிகச் சொற்பம். இரண்டும் சந்திக்கும்போது உடனே கலந்துவிடுவதில்லை. நன்னீர் இலேசானது, மேலே மிதக்கும். உவர்நீர் பாரமானது, அடியில் தவழ்ந்து உள்ளே ஏறும். ஆகையால் மேற்பரப்பில் மட்டும் ஒரு போத்தல் நீர் எடுத்துச் சோதிப்பவர் ஏமாந்து போவார். மேலும் கீழும், பெருக்கிலும் வற்றிலும், மாரியிலும் கோடையிலும் எடுத்தாலே உண்மை தெரியும்.

ஆனையிறவு போன்ற ஆழமற்ற கடனீரேரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. வன்னியின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையான வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் வெயிலும் காற்றும் நீரை உறிஞ்சுகின்றன. ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பெய்வதைவிட ஆவியாவது கூட. சுண்டிக்குளத்து மணல்திட்டு வாயை அடைத்துக்கொண்டால் உள்ளே நிற்கும் நீர் கடலைவிடவும் உவராகிவிடும். மாரியில் ஏறத்தாழ ஆறாகவும், ஆவணியில் உப்பளமாகவும் நிற்கும் ஒரே நீர்நிலை இது. ஆண்டின் எந்த ஒரு நாளில் அளந்தாலும் பாதி உண்மையே கிடைக்கும்.

உப்பை அளக்கும் முறை பழையது. வெள்ளி நைத்திரேற்றைத் துளித்துளியாக விட்டு, நிறம் செங்கல் சிவப்பாக மாறும் புள்ளியைக் கொண்டு குளோரைட்டைக் கணிக்கும் முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கின் மார்ட்டின் க்னுட்சன் உலகக் கடலாய்வுக்கான பொது அளவையாக ஒழுங்குபடுத்தினார். நீரின் தெளிவை அளக்க ஒரு வெண்தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டால் போதும் என்று 1865இல் காட்டியவர் இத்தாலியப் பாதிரியாரான ஆஞ்சலோ செக்கி. இன்று மின்கடத்துதிறனை அளக்கும் கைக்கருவி உப்பை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். கருவி கிடைப்பது அரிதன்று. அதை மாதந்தவறாமல் அதே இடத்தில் இறக்கும் ஆள்தான் அரிது.

யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு

கழிமுகத்தின் உப்பைப் பற்றி வட பகுதியில் முதலிற் கவலைப்பட்டவர்கள் குடாநாட்டார். காரணம் அவர்களுடைய கிணறுகள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் மழைநீரே குடிநீர், அதுவே தோட்டத்து நீர். அந்நன்னீர், அடியில் உள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்துப் பொறியியலாளர் படோன் கைபனும், அடுத்து ஜெர்மானியர் ஹெர்ட்ஸ்பெர்க்கும் கண்ட விதி. இதன் மறுபக்கம் அச்சம் தருவது. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி போய்விடும்.

குடாநாட்டுக்குள் நீண்டு கிடக்கும் வடமராட்சிக் கடனீரேரியும் உப்பாறும் உவராக இருக்கும் வரை அவற்றை அடுத்த கிணறுகளும் வயல்களும் உவரைத் தாங்கியே ஆகவேண்டும். எனவே அவற்றின் வாய்களை அடைத்து, மாரிநீரை உள்ளே தேக்கி, உவரைச் சிறிது சிறிதாகக் கழுவி வெளியேற்றலாம் என்ற எண்ணம் ஆங்கிலேயர் காலத்திலேயே எழுந்தது. 1950களின் முதற்பாதியில் தொண்டமானாற்றிலும் அரியாலையிலும் உவர்நீர்த் தடுப்பணைகள் எழுந்தன. உப்பு ஏற்றுவதற்காகக் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்தது தொண்டமானாறு என்பது யாழ்ப்பாண மரபு. உப்புக்காகத் திறந்ததாகச் சொல்லப்படும் வாயை, உப்பைத் தடுப்பதற்காக மூடவேண்டி வந்தது.

இவ்விரண்டு அணைகளுக்கு அப்பால் கண்ணைச் செலுத்தியவர் நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம். குடாநாட்டில் விழும் மழை மட்டும் போதாது. வன்னியின் ஆறுகள் ஆனையிறவுக் கடனீரேரிக்குக் கொண்டுவரும் நீரையும் சேர்க்கவேண்டும் என்பதே 1954இல் அவர் முன்வைத்த திட்டத்தின் உயிர்நாடி. கனகராயன் ஆறு, நெத்தலியாறு, பிரமந்தனாறு, தேராவில் ஆறு ஆகியவற்றின் நீரேந்து பரப்பு ஏறத்தாழ 940 சதுர கி.மீ. ஆனையிறவின் மேற்குப் புறத்தில் வீதியும் புகையிரதப் பாதையும் செல்லும் அணைகளில் உள்ள திறப்புகளை மூடி, கிழக்கே சுண்டிக்குளத்தில் கலிங்குடன் கூடிய ஒரு கட்டு அமைத்தால் கடனீரேரி நன்னீராகும். அங்கிருந்து முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக்கு நீர் செல்லும். 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று இத்திட்டம் பெயர் பெற்றது.

இதில் நாம் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. திட்டத்தின் வெற்றி தோல்வியைச் சொல்ல வல்லது அணையின் உயரமன்று, கிணற்று நீரின் உப்பு. ஆறுமுகம் இதை நன்கு அறிந்திருந்தார். பாலேந்திரன், சிறிமான ஆகியோருடன் சேர்ந்து யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் பற்றி அவர் எழுதிய ஆய்வை நீர்வளச் சபை 1968இல் வெளியிட்டது. இலங்கையின் நீர்வளம் முழுவதையும் தொகுத்து அவர் எழுதிய பெருநூல் அடுத்த ஆண்டு வந்தது. இந்நாட்டில் 103 ஆற்று வடிநிலங்கள் என்று நாம் இன்று எளிதாகச் சொல்லும் கணக்கு அந்த மரபின் கொடை.

ஆனால் வேலை கணக்கின் வழியே நடக்கவில்லை. 1960களில் ஆனையிறவுப் பகுதி வேலைகள் தொடங்கின. சுண்டிக்குளத்துக் கட்டு வெள்ளத்தில் உடைந்தது. முள்ளியான் வாய்க்கால் முழுமை பெறாமல் நின்றது. பணம் ஒதுக்கப்படவில்லை. தொண்டமானாற்றின் மரக்கதவுகள் காலப்போக்கில் உக்கி, கடல்நீர் மீண்டும் உள்ளே கசிந்தது. ஒரு கழிமுகத்தை நன்னீராக மாற்றும் பரிசோதனை, விடை தெரியுமுன் பாதியிற் கைவிடப்பட்டது. அதனால்தான் ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இன்றுவரை ஒரே உறுதியோடு பேச முடிகிறது.

யாருக்கு உப்பு, யாருக்கு நன்னீர்

எதிர்ப்பவரும் உண்டா என்று வாசகர் கேட்கலாம். உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆனையிறவு உப்பளம் கடனீரேரியின் உவரை நம்பி எழுந்தது. 1990இல் போரினால் நின்றுபோன உற்பத்தி, போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னர் மீளத் தொடங்கியது. உப்பளத்துக்குக் கடுமையான உவர் வேண்டும். கமக்காரருக்கு உவரே ஆகாது. வீச்சுவலை எறியும் தொழிலாளிக்கு இரண்டும் வேண்டும், முறை மாறி மாறி வேண்டும். இறால் கடலில் முட்டையிடும்; அதன் குஞ்சுகள் கடனீரேரிக்குள் புகுந்து, உவரும் நன்னீரும் கலந்த நீரில் வளர்ந்து, பின் கடலுக்குத் திரும்பும். வாய் நிரந்தரமாக மூடப்பட்டால் அந்த வழி அறுந்துவிடும். ஆற்றுநீரே வராவிட்டாலும் அது வளர்வதற்கு இடமில்லை. சுண்டிக்குளத்துப் பூநாரைகளும் இதே கணக்கில் அடங்கும். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அப்பகுதி 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது.

இத்தகைய முரண்பாட்டை வேறொரு நாடு எப்படிக் கையாண்டது என்று பார்ப்பது பயன் தரும். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் தாயகமே அதற்கு எடுத்துக்காட்டு. அவர்களுடைய நாட்டின் நடுவே சூய்டர்சே என்ற உவர்நீர் வளைகுடா இருந்தது. அதை 32 கி.மீ. நீளமான அணையால் மறித்து நன்னீர் ஏரியாக்க முடிவு செய்தபோது, அணையினால் வெளிப்புறக் கரையோரத்தில் கடல்மட்டம் எவ்வளவு உயரும் என்று கணிக்க 1918இல் ஒரு குழு அமைத்தனர். அதன் தலைவர் நோபல் பரிசு பெற்ற பௌதிக அறிஞர் லோரன்ஸ். அவர் தமது முதுமையில் எட்டு ஆண்டுகளை அதற்குச் செலவிட்டார். விலங்கியலார் வளைகுடாவின் உயிரினங்கள் அனைத்தையும் முன்கூட்டியே பதிவு செய்து 1922இல் நூலாக்கினர். தொழிலை இழக்கப்போகும் மீனவருக்காக 1925இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அணை மூடப்பட்டது 1932 மே மாதத்தில். சில ஆண்டுகளிலேயே நீர் நன்னீரானது.

அங்கும் மீனவர் துன்புற்றனர். இழப்பீடு போதவில்லை என்ற குறையும் இருந்தது. ஆனால் எதை இழக்கிறோம், எதைப் பெறுகிறோம் என்று தெரிந்துகொண்டே அவர்கள் மூடினர். நாம் மூடியதும் அறியாமல், திறந்ததும் அறியாமல் இருக்கிறோம்.

அறுந்த ஏடு

கழிமுகக் கண்காணிப்பின் முதல் விதி தொடர்ச்சி. பத்து ஆண்டு அளந்து, இருபது ஆண்டு விட்டு, மீண்டும் ஐந்து ஆண்டு அளப்பதால் பயன் குறைவு. நம் பகுதியில் நேர்ந்தது அதுதான். 1997 மே மாதம் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கையில் புளியங்குளம் மாதக்கணக்கில் போர்முனையாக இருந்தது. 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. 2009 ஜனவரியில் மீண்டும் இராணுவத்தின் வசமானது. அதே மாதம் கல்மடுக் குளக்கட்டு தகர்க்கப்பட்டு நீர் பாய்ந்தது. ஆற்றின் தலையும் வாலும் போர்முனையாக இருந்த நாட்டில் மழைமானியைப் பார்த்து எழுதுவதற்கு எவர் போவார்? வட பகுதியின் மழை, ஆற்றோட்டப் பதிவுகளில் போர்க்கால இடைவெளிகள் இன்றும் ஆய்வாளருக்குத் தலைவலி. உயிர்களை இழந்த மண்ணில் ஏடுகளை இழந்தது பெரிதா என்று கேட்கலாம். அந்த இழப்போடு ஒப்பிடத்தக்கது அன்று. எனினும் அதன் விளைவை உயிர்தப்பியவர்களே சுமக்கிறார்கள்.

எப்படிச் சுமக்கிறார்கள் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள். முதலாவது, இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் 2010, 2011இல் வடிவம் பெற்ற இத்திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். தமக்கே சிறுபோகத்துக்கு நீர் போதாதபோது கொடுப்பது எங்ஙனம் என்பது அவர்கள் வாதம். மாரியில் வான் பாய்ந்து போகும் நீரையே கேட்கிறோம் என்பது மறுபக்க வாதம். ஒரே மக்கள், ஒரே மொழி. ஆயினும் கிளிநொச்சி, யாழ்ப்பாணம் என்று பிரிந்து நிற்க நேர்ந்தது. இறுதியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரித்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தரும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆற்றைப் பங்கிட முடியாததால் கடலிடம் போனோம். இரு பக்கமும் நம்பக்கூடிய நீண்டகாலப் பதிவு ஒன்று மேசைமேல் இருந்திருந்தால் முடிவு இதுவாகவே இருந்திருக்கலாம். ஆனால் மனக்கசப்பு இவ்வளவு இருந்திராது.

இரண்டாவது, 2018 வெள்ளம். இரணைமடுக் குளக்கட்டு இரண்டு அடி உயர்த்தப்பட்டு, முழு அளவு 36 அடியாகக் குளம் மீளத் திறக்கப்பட்டது அவ்வாண்டு டிசம்பர் முதல் வாரத்தில். அதே மாதம் 21ஆம் நாள் இரவு பெருமழை கொட்டியது. கதவுகள் திறக்கப்பட, கீழேயுள்ள ஊர்கள் நீரில் மூழ்கின. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல்லாயிரம் மக்கள் இடம்பெயர்ந்தனர். கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்று விசாரணையும் நடந்தது. குளத்தின் அடியளவு, நீர் வந்து சேர்ந்த பின்னரே உயரும். புளியங்குளத்துப் பக்கம் எவ்வளவு மழை பெய்கிறது என்பது கதவருகில் நிற்பவருக்கு உடனுக்குடன் தெரிந்தால்தான் அவருக்குச் சில மணிநேரம் மிச்சமாகும். அந்தச் சில மணிநேரம்தான் ஒரு குடும்பம் பிள்ளைகளையும் மாடுகளையும் மேட்டுக்குக் கொண்டுபோவதற்கான காலம்.

சேற்றின் சாட்சியம்

நீரைப்பற்றி இவ்வளவு பேசினோம். மண்ணைப்பற்றியும் சொல்லவேண்டும். ஆறு கொண்டுவருவது நீரை மட்டுமன்று. காடு வெட்டிய இடத்தின் மேல்மண், வயலுக்கு இட்ட பசளையின் மிச்சம், பூச்சிமருந்து அனைத்தும் நுண்ணிய களித்துகள்களில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. உவர்நீரைச் சந்தித்ததும் அத்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பாரமாகி அடியிற் படிகின்றன. நீர் தெளிந்துவிட்டது போலத் தோன்றும். அழுக்கு தரைக்குப் போயிருக்கும். நீரைச் சோதிப்பது இன்றைய செய்தியைப் படிப்பது போன்றது. சேற்றைச் சோதிப்பது பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டுவது போன்றது.

மறுபுறம், வரவேண்டிய மணல் வராமற் போவதும் கேடு. குளம் ஒரு பகுதியை மறித்துக்கொள்கிறது. போருக்குப் பின் கட்டட வேலைகள் பெருகியதால் ஆற்றுமணல் அகழ்வு இன்னொரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. மணல் குறைந்தால் ஆற்றுப்படுக்கை தாழும், கரை அரிக்கும், கடலோரத் திட்டின் இயல்பு மாறும். எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு எவ்வளவு வருகிறது என்று தெரியவேண்டும் அல்லவா?

நல்ல செய்தி ஒன்றும் இதில் உண்டு. மனிதர் எழுதாத ஏட்டைச் சேறு எழுதி வைத்திருக்கிறது. கடனீரேரியின் அடியில் ஒரு குழாயைச் செங்குத்தாக இறக்கி மண்தூணை எடுத்தால், அடுக்கடுக்காகப் பழைய ஆண்டுகள் வெளிப்படும். இயற்கையில் உள்ள ஈயம்-210 என்ற கதிரியக்கத் தனிமம் ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிறது. அதைக்கொண்டு நூறு நூற்றைம்பது ஆண்டுகள் வரை அடுக்குகளின் வயதைக் கணிக்கலாம். 1963ஐ ஒட்டி உச்சத்தை எட்டிய அணுகுண்டுப் பரிசோதனைகளின் சீசியம்-137 இடையில் ஓர் அடையாளக் கல்லாக நிற்கும். நூறு நூற்றைம்பது ஆண்டு என்பது இரணைமடுவின் வயதையும் அதற்குச் சற்று முந்திய காலத்தையும் உள்ளடக்கும். குளம் கட்டுமுன் வந்த மண் எவ்வளவு, கட்டியபின் எவ்வளவு என்று இம்முறையால் ஆராய வழியுண்டு. போர்க்காலத்து அடுக்குகளும் அங்கேயே இருக்கும்.

இது வெறும் கற்பனையன்று. இலங்கையின் தென்கரையில் அம்பாந்தோட்டையை அடுத்த கரகன் களப்பில் இவ்வாறு எடுத்த மண்தூண்களிலிருந்து, கடந்த ஏழாயிரம் ஆண்டுகளில் இந்துமாகடலில் எழுந்த பழைய ஆழிப்பேரலைகளின் தடயங்களை ஆய்வாளர்கள் கண்டனர். 2014இல் அதை வெளியிட்டனர். 2004 டிசம்பர் 26 அன்று வந்ததற்கு முன்னோடிகள் இருந்தன என்பதை எந்த ஏடும் சொல்லாதபோது சேறு சொல்லிற்று.

யார் அளப்பது

தமிழர் வாழும் கரையிலேயே இதற்கொரு முன்மாதிரி இருக்கிறது. சிதம்பரத்துக்கு அருகே பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலைச் சேரும் இடத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் 1960களிலிருந்து இயங்கி வருகிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷையாவின் முயற்சியால் உருவான நிலையம் அது. மாணவர் தலைமுறை தலைமுறையாக அதே கழிமுகத்தின் நீரையும் சேற்றையும் எடுத்து, உப்பு, வெப்பம், கரைந்த ஒட்சிசன், ஊட்டப்பொருள்கள், நுண்ணுயிர்கள் என்று எழுதி வைத்தனர். ஒவ்வொரு ஆய்வேடும் தனித்தனியே சிறியது. சேர்த்துப் பார்க்கும்போது தமிழகத்தில் மிக நன்கு அறியப்பட்ட கழிமுகங்களில் ஒன்றாக வெள்ளாற்று முகம் ஆகிவிட்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் எது மாறியது என்று கேட்டபோது, முன்பு எப்படி இருந்தது என்று சொல்ல அங்கே ஏடு இருந்தது.

கனகராயன் ஆற்றுக்கும் இது எட்டாத காரியமன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மை, பொறியியல் பீடங்கள் இன்று கிளிநொச்சி அறிவியல்நகரில், ஏறத்தாழ இரணைமடுவின் வாசலிலேயே இருக்கின்றன. நீர்வாழ் வளங்களுக்கென 1981இல் சட்டத்தால் அமைந்த தேசிய முகவரகம் ஒன்று நாட்டில் உண்டு. நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு நூறு ஆண்டுப் பழக்கம் உண்டு. புளியங்குளத்துப் பக்கம் மழைமானி, இரணைமடுவில் வெளியேறும் நீரின் கணக்கு, ஆனையிறவிலும் சுண்டிக்குளத்திலும் மாதம் ஒருமுறை மேலும் கீழும் எடுத்த நீரின் உப்பு, மாரிக்கு முன்னும் பின்னும் எடுத்த சேறு. இவ்வளவே வேண்டுவது. இதற்குப் பெருந்திட்டமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை.

இன்னொன்றும் வேண்டும். அளந்ததை வெளியிடவேண்டும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் நினைவிருக்கும். கலந்ததா இல்லையா என்று குழுவுக்குக் குழு முரண்பட்ட அறிக்கைகள் வந்து, மக்கள் எதை நம்புவது என்று தெரியாமல் தவித்து, 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு விதித்த பின்னரே ஒரு முடிவு கிடைத்தது. பிணக்கு எழுந்தபின் அளக்கத் தொடங்கினால் அளப்பவர் மீதே ஐயம் விழும். பிணக்கு எழுமுன் அளந்து, எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைத்திருந்தால் அந்த எண்ணுக்கு ஒரு மதிப்பு இருக்கும். இரணைமடுவின் அடியளவை ஊரே நம்புகிறது. காரணம், போய்ப் பார்க்க எவரும் போகலாம்.

ஆறுமுகத்தின் திட்டம் சரியா தவறா என்று இக்கட்டுரை தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வடமராட்சியில் நன்னீர்த் திட்டம் பற்றிய பேச்சு அவ்வப்போது மீண்டும் எழுகிறது, இனியும் எழும். அப்போது கமக்காரரும் மீனவரும் உப்பளத் தொழிலாளரும் ஒரே மேசையில் அமர வேண்டியிருக்கும். அவர்கள் முன் வைப்பதற்கு நம்மிடம் பழைய வாக்குறுதிகளும் பழைய கோபங்களும் ஏராளம் உண்டு. சுண்டிக்குளத்து நீரின் உப்புக் கணக்கு பத்து ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியாக இருந்தால், 'கடலில் வீணாகக் கலக்கிறது' என்ற வாக்கியத்தை முதன்முறையாக நாம் சரிபார்க்கலாம். அந்தப் பத்து ஆண்டை எப்போது தொடங்குவது என்பதே இன்று கேட்கவேண்டிய கேள்வி. அடுத்த மாரிக்கு முன் தொடங்கினால் நல்லது.